நேற்று என்ன சாப்பிட்டாய்? பள்ளிப் பிள்ளைகளின் பதிலை எவ்வளவு நம்பலாம்?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் காலை முதல் பீரியடில் ஒரு தாளைக் கொடுக்கிறோம். ‘நேற்று பழம் சாப்பிட்டாயா?’ என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று டிக் அடிக்கிறாள். மதியம் அதே தாளை மறுபடி கொடுக்கிறோம். இப்போது ‘இல்லை’ என்று டிக் அடிக்கிறாள். இரண்டு பதிலும் ஒரே நாளைப் பற்றியவை. அந்த நாள் முடிந்துபோயிற்று, அதில் இனி எதுவும் மாறப்போவதில்லை. அப்படியானால் எது மாறியது என்று தேடிப் பார்ப்பதுதான் நம்பகத்தன்மைச் சோதனை.

பள்ளிக் குழந்தைகளின் சாப்பாடு பற்றிய ஆய்வுகளில் நிறைய வேலை கேள்வித்தாளை வைத்துத்தான் நடக்கிறது. காலையில் சாப்பிட்டாயா, வாரத்தில் எத்தனை நாள் கீரை, பாக்கெட் தீனி எவ்வளவு என்று கேட்டு, பதில்களைக் கூட்டிச் சதவீதம் போடுகிறோம். ஒரே பிள்ளையிடம் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி இன்னொரு தடவை கேட்டால் அதே பதில் வருமா என்பதை முதலில் பார்த்திருந்தால்தான் அந்தச் சதவீதத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டு.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அதுபோல ஒரு திட்டம் வந்தபின் காலையில் சாப்பிடும் பிள்ளைகள் கூடினார்களா என்று ஒருவர் அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. திட்டத்துக்கு முன் 100 பேரில் 60 பேர் காலையில் சாப்பிட்டார்கள். பின்னர் 80 பேர். உண்மையான உயர்வு 20.

ஆனால் கேள்வித்தாள் சரியில்லை; ஐந்தில் ஒரு பதில் தலைகீழாக விழுகிறது. முதல் முறை, சாப்பிட்ட 60 பேரில் 48 பேர் ‘ஆமாம்’ என்கிறார்கள். சாப்பிடாத 40 பேரில் 8 பேரும் ‘ஆமாம்’ என்கிறார்கள். மொத்தம் 56. இரண்டாம் முறை, 80 பேரில் 64, மீதி 20 பேரில் 4, மொத்தம் 68. அறிக்கையில் தெரியும் உயர்வு 12தான். திட்டத்தின் பலனில் ஐந்தில் இரண்டு பங்கு கேள்வித்தாளுக்குள்ளேயே கரைந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கிலும் தப்பில்லை, ஆனால் நல்ல திட்டம் ஒன்று பலன் குறைந்ததாகத் தெரிகிறது. பிள்ளைகளின் சாப்பாட்டைத் தொடும் முடிவுகள் இப்படிப்பட்ட எண்களை வைத்து எடுக்கப்படுவதால்தான் இந்தச் சோதனையைச் சம்பிரதாயமாக எண்ணக் கூடாது என்கிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உயரம் அளக்கும் பட்டையைச் சுவரில் 2 செ.மீ. தாழ்த்தி ஒட்டிவிட்டால், எத்தனை முறை அளந்தாலும் ஒரே உயரம்தான் வரும்; ஆனால் எல்லாருக்கும் 2 செ.மீ. கூடுதலாக வரும். அளவு மாறாமல் வருவது நம்பகத்தன்மை. உண்மையை ஒட்டி வருவது ஏற்புடைமை. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம். ஆனால் கேட்கிற ஒவ்வொரு முறையும் பதில் குதித்தால், அது உண்மையோடு ஒட்டுகிறதா என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் நம்பகத்தன்மையை முதலில் பார்க்கிறோம்.

பதில் ஏன் மாறுகிறது?

பெரியவர்களுக்கே நேற்று மதியம் தொட்டுக்கொண்டது என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சூசான் டோமெல் பாக்ஸ்டரும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் சாப்பிடும்போது ஆய்வாளர்கள் பக்கத்திலிருந்து கவனித்து, எதை எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு அன்று மாலையோ மறுநாள் காலையோ அதே பிள்ளைகளிடம் ‘என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்பார்கள். 2002இல் வெளியான அவர்களது ஆய்வில், சாப்பிட்டவற்றில் சுமார் பாதியைப் பிள்ளைகள் சொல்லவே இல்லை. சொன்னவற்றில் பத்தில் ஏறக்குறைய நாலு, அந்த வேளையில் சாப்பிடாதவை. ஒரு நாள் நன்றாகச் சொன்ன பிள்ளை இன்னொரு நாளும் நன்றாகச் சொல்வாள் என்பதும் இல்லை. ஒரே பிள்ளையின் துல்லியமே நாளுக்கு நாள் மாறியது.

இதைப் படித்துவிட்டு ‘பிள்ளைகளிடம் கேட்டே பயனில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. அதே குழு பின்னர் கண்ட இன்னொரு விஷயம் நமக்கு மிகவும் உதவுவது: சாப்பிட்டதற்கும் கேட்பதற்கும் இடையே நேரம் குறையக் குறையப் பதில் துல்லியமாகிறது. ‘நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு வரை’ என்று கேட்பதைவிட, ‘இந்த நேரத்திலிருந்து பின்னோக்கி 24 மணி நேரம்’ என்று கேட்பது நல்ல பலன் தந்தது. அதாவது, குறை முழுவதும் பிள்ளையின் ஞாபகத்தில் இல்லை. எப்போது, எப்படிக் கேட்டோம் என்பதிலும் இருக்கிறது.

வயதும் முக்கியம். ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான் தான் சாப்பிட்டதைத் தானே சொல்லும் திறன் வேகமாக வளர்கிறது. அப்போதும் நேற்றைச் சொல்வது ஓரளவு முடியும். ‘வழக்கமாக மாதத்தில் எத்தனை முறை மீன்?’ என்பது கடினம், ஏனென்றால் அதற்கு மனசுக்குள் ஒரு சராசரி போட வேண்டும். அம்மாவிடம் கேட்கலாமே என்றால், பள்ளியில் பிள்ளை சாப்பிட்டது அம்மாவுக்குத் தெரியாது. வாசலில் வாங்கித் தின்றது இன்னும் தெரியாது.

பிறகு கேள்வியே தெளிவில்லாமல் இருப்பது. ‘நேற்று காய்கறி சாப்பிட்டாயா?’ என்றால், சாம்பாரில் கிடந்த இரண்டு முருங்கைக்காய்த் துண்டு கணக்கா? உருளைக்கிழங்கு வறுவல் கணக்கா? பிள்ளை ஒரு தடவை கணக்கு என்று நினைக்கும், இன்னொரு தடவை இல்லை என்று நினைக்கும். ‘சாம்பார், கூட்டு, பொரியல் எதில் இருந்தாலும் சொல், உருளைக்கிழங்கைச் சேர்க்காதே’ என்று எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

யார் கேட்கிறார்கள் என்பதும் பதிலை மாற்றும். கீரை நல்லது என்று சொல்லிக்கொடுத்த டீச்சரே வந்து ‘கீரை சாப்பிட்டியா?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளைதான் இல்லை என்று சொல்லும்? சத்துணவில் எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஞாபகத்திலிருந்து சொல்லாமல் அந்த மெனுவிலிருந்து சொல்லிவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இங்கிலாந்தில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் பழமும் காய்கறியும் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அறிய ‘டே இன் த லைஃப்’ என்ற கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அது பற்றிய ஆய்வு 2002இல் வந்தது. அதில் ‘பழம் சாப்பிட்டாயா?’ என்று நேரே கேட்பதில்லை. நேற்றைய நாளில் செய்தவற்றைப் படங்களின் துணையோடு ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுத வைப்பார்கள். சாப்பாடு அந்த வரிசையில் தானாக வந்துவிடும். நாளை வரிசையாக நடத்திக்கொண்டு போனால் ஞாபகம் பிடிபடுகிறது. டீச்சருக்குப் பிடித்த பதில் எது என்ற யோசனையும் குறைகிறது. நம் ஊரில் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இந்த வழியை இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எத்தனை நாள் கழித்துத் திரும்பக் கேட்பது?

மறுசோதனை என்பது ஒரே தாளை ஒரே பிள்ளைகளிடம் இரண்டு முறை கொடுப்பது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ‘இரண்டு வாரம் இடைவெளி’ என்று எங்கேயோ படித்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இடைவெளியை முடிவு செய்ய வேண்டியது கேள்விதான்.

‘நேற்று’ என்று கேட்கும் தாளை இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தால், அந்த நேற்று வேறொரு நாள். பதில் மாறினால் பிள்ளை தடுமாறினாளா, உண்மையிலேயே வேறு சாப்பிட்டாளா என்று பிரிக்க வழியே இல்லை. ஆகவே நேற்றைப் பற்றிய தாளை அதே நாளில், சில மணி நேரம் விட்டு, மறுபடி கொடுக்க வேண்டும். காலையில் எழுதிய பதிலை நினைவு வைத்து மதியமும் அதையே எழுதிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. கேள்விகளின் வரிசையை மாற்றலாம், இடையில் சம்பந்தமில்லாத வேறு வேலை கொடுக்கலாம். அப்படியும் கிடைக்கும் எண் உண்மையைவிடச் சற்று அழகாகத்தான் இருக்கும். அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

‘வாரத்தில் எத்தனை நாள்?’ போன்ற வழக்கத்தைக் கேட்கும் தாளுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பொருந்தும். முந்தைய பதில் மறந்திருக்கும், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறியிருக்காது. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குள் பொங்கலோ தீபாவளியோ காலாண்டு விடுமுறையோ வந்தால் எல்லாம் போச்சு. மாம்பழ சீசன் முடிந்துபோனாலும் பழக் கேள்வி கலங்கிவிடும். கிழமையையும் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கேட்டால் நேற்று என்பது ஞாயிறு. பல வீடுகளில் அன்றுதான் கறி. செவ்வாய் கேட்டால் நேற்று பள்ளி நாள், சத்துணவு சாப்பிட்ட நாள். ஒரு தடவை திங்களிலும் இன்னொரு தடவை செவ்வாயிலும் கேட்டுவிட்டு ஒப்பிடுவது வீண் வேலை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: முதல் சுற்று முடிந்ததும் பிள்ளைகள் ‘நீ என்ன போட்ட?’ என்று பேசிக்கொள்வார்கள். தாளில் கீரை, பழம், பால் என்று கேட்டிருந்தால் அதுவே ஒரு சின்னப் பாடம் ஆகிவிடும். இரண்டாம் சுற்றுக்கு முன்னால் ஊட்டச்சத்து பற்றிய கண்காட்சி, உரை எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிந்தபின் நடத்தலாம், பிள்ளைகளுக்கு அது சேரவும் வேண்டும்.

84 சதவீதம் ஒத்துப்போனால் போதுமா?

இரண்டு சுற்றும் முடிந்தது. எத்தனை பேர் அதே பதிலைச் சொன்னார்கள் என்று எண்ணுகிறோம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

100 பிள்ளைகள். கேள்வி: ‘நேற்று பழம் சாப்பிட்டாயா?’ இரண்டு முறையும் ‘ஆமாம்’ சொன்னவர்கள் 42. இரண்டு முறையும் ‘இல்லை’ சொன்னவர்கள் 42. மாற்றிச் சொன்னவர்கள் 16. அதில் எட்டுப் பேர் ஆமாமிலிருந்து இல்லைக்கும், எட்டுப் பேர் இல்லையிலிருந்து ஆமாமுக்கும் போனார்கள். ஒத்துப்போனது 84 சதவீதம்.

இப்போது இன்னொரு கேள்வி: ‘நேற்று சோறு சாப்பிட்டாயா?’ இரண்டு முறையும் ஆமாம் 80. இரண்டு முறையும் இல்லை 4. மாற்றிச் சொன்னவர்கள் அதே 16, எட்டும் எட்டுமாக. இதுவும் 84 சதவீதம்.

இரண்டும் சமமா? சோற்றுக் கேள்வியில் ஒவ்வொரு முறையும் 88 பேர் ஆமாம் என்கிறார்கள். கேள்வியைப் படிக்காமலேயே 100 பேரில் 88 பேர் ஆமாமில் டிக் அடித்தால்கூட, தற்செயலாகவே பெரும்பாலான பதில்கள் ஒத்துப்போகும். எவ்வளவு? இரண்டு முறையும் ஆமாம் விழ 0.88 × 0.88, இரண்டு முறையும் இல்லை விழ 0.12 × 0.12. கூட்டினால் ஏறக்குறைய 0.79. ஆக 84இல் 79 தற்செயலாகவே கிடைக்கக்கூடியது. பழக் கேள்வியிலோ தற்செயலாக ஒத்துப்போவது 50 மட்டுமே.

இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மீதியைப் பார்ப்பதற்கு ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த அளவுதான் கப்பா. கிடைத்த ஒற்றுமையிலிருந்து தற்செயலைக் கழித்து, அதைத் தற்செயல் போக மீதமிருந்த முழு இடத்தால் வகுக்க வேண்டும். பழத்துக்கு (0.84 – 0.50) ÷ 0.50 = 0.68. சோற்றுக்கு (0.84 – 0.79) ÷ 0.21; இது சுமார் 0.24. சதவீதத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிந்த இரண்டு கேள்விகள், கப்பாவில் இப்படிப் பிரிந்துவிடுகின்றன.

0.68 நல்லதா? லாண்டிஸும் கோச்சும் 1977இல் ஒரு பட்டியல் தந்தார்கள்: 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61 முதல் 0.80 வரை நல்ல ஒற்றுமை, அதற்கு மேல் ஏறக்குறைய முழு ஒற்றுமை. இன்றும் எல்லாரும் அதையே எடுத்தாளுகிறார்கள். அந்த எல்லைகள் தாங்களாக வைத்துக்கொண்டவை என்று அவர்களே எழுதியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோற்றுக் கேள்வியின் 0.24ஐப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கவனமில்லாமல் எழுதினார்கள் என்றும் முடிவு கட்டக் கூடாது. ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியில் கப்பா கீழே இறங்கத்தான் செய்யும். அந்தக் கேள்வி அந்தப் பள்ளியில் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது என்பதுதான் அதன் பொருள். சதவீதம், கப்பா இரண்டையும் கேள்விவாரியாகப் போடுங்கள். முழுத் தாளுக்கும் ஒரே ஒரு எண் போட்டால் மோசமான கேள்விகள் நல்லவற்றின் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

‘எத்தனை டம்ளர் பால்?’ போல எண்ணாகப் பதில் வந்தால் கப்பா பொருந்தாது. ஒட்டுறவு (இரண்டு சுற்றுப் பதில்களும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்) மட்டும் பார்ப்பதும் ஆபத்து: இரண்டாம் முறை ஒவ்வொரு பிள்ளையும் சரியாக ஒரு டம்ளர் குறைத்துச் சொன்னால் ஒட்டுறவு முழுசாக 1 வரும், ஆனால் ஒரு பதிலும் ஒத்துப்போகவில்லை. பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் காட்டிய வழி எளியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பதிலின் வித்தியாசத்தை எடுத்து, சராசரி வித்தியாசம் எவ்வளவு, அது எந்த எல்லைக்குள் சிதறிக் கிடக்கிறது என்று படமாகப் போட்டுப் பார்ப்பது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தாலே அந்தப் படத்தைப் படிக்கலாம்.

ஆல்ஃபா 0.7 என்ற முத்திரை

கல்லூரி ப்ராஜெக்ட்களிலும் ஆய்வேடுகளிலும் அடிக்கடி வரும் வரி: ‘குரோன்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வந்ததால் கேள்வித்தாள் நம்பகமானது.’ இந்த வரி எனக்கு ஒவ்வொரு முறையும் கவலை தருகிறது.

லீ குரோன்பாக் 1951இல் எழுதிய கட்டுரையால் பிரபலமான இந்த அளவு, பல கேள்விகள் ஒரே குணத்தை அளக்கின்றனவா என்று பார்க்கிறது. ‘புதுக் காய்கறியைச் சாப்பிட்டுப் பார்க்க எனக்குப் பிடிக்கும்’, ‘வீட்டில் கீரை செய்தால் எனக்குச் சந்தோஷம்’ போன்ற ஏழெட்டு வாக்கியங்களால் ஒரு மனப்பாங்கை அளக்கும்போது ஆல்ஃபா பொருந்தும். சரி, தவறு என்று திருத்தும் ஊட்டச்சத்து அறிவுக் கேள்விகளுக்கு அதன் உறவினரான கே.ஆர்-20 உண்டு, கூடரும் ரிச்சர்ட்சனும் 1937லேயே தந்தது.

ஆனால் உணவுப் பட்டியலுக்கு? வாழைப்பழம் சாப்பிடும் பிள்ளை மீனும் சாப்பிட வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. முட்டை, கேழ்வரகுக் கூழ், பிஸ்கெட், மோர் எல்லாம் ஒரே குணத்தின் முகங்களாக இருக்க முடியாது. அங்கே ஆல்ஃபா குறைந்தாலும் தாள் கெட்டது என்று ஆகாது, கூடினாலும் நல்லது என்று ஆகாது. கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும் என்ற பலவீனமும் அதற்கு உண்டு. அதைவிட முக்கியமாக, ஆல்ஃபாவுக்கு ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். மறுபடி கேட்டால் அதே பதில் வருமா என்பதைப் பற்றி அது எதுவுமே சொல்லாது.

கேட்பவரும் அளப்பவரும்

பிள்ளையே எழுதாமல் ஒருவர் கேட்டு எழுதுவதாக இருந்தால், அந்த ஒருவரும் சோதனைக்கு உட்பட்டவர்தான். ‘ஒரு கரண்டி’ என்பதை ஒருவர் சின்னக் கரண்டியாகவும் இன்னொருவர் குழிக்கரண்டியாகவும் எடுத்துக்கொண்டால், பிள்ளையின் ஞாபகம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஒரே பிள்ளையின் ஒரே பேட்டியை இருவர் தனித்தனியே பதிவு செய்து ஒப்பிட வேண்டும். அந்தப் பள்ளியின் தட்டையும் டம்ளரையும் கரண்டியையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டிக் கேட்டால் இந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறையும்.

உயரம், எடையிலும் இதேதான். உலக சுகாதார அமைப்பு 1997 முதல் 2003 வரை இந்தியா உள்பட ஆறு நாடுகளில் சிறு குழந்தைகளின் வளர்ச்சியை அளந்தபோது, இரண்டு பேர் ஒருவர் அளவை மற்றவர் பார்க்காமல் அளந்தார்கள். உயரத்தில் 7 மி.மீ.க்கு மேல், எடையில் 100 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். பள்ளி அளவிலான சின்ன ஆய்வுக்கும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகு சில கேள்விகள் தேறாமல் போகும். அவற்றை உடனே தூக்கிப்போடுவதற்கு முன் நாலைந்து பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து, ‘இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உன் வார்த்தையில் சொல்லு’ என்று கேளுங்கள். அந்தப் பதில்களில் எந்த எண்ணும் காட்டாத காரணம் கிடைக்கும். கேள்வியைத் திருத்தி, வேறு பிள்ளைகளிடம் மறுபடி இரண்டு சுற்று நடத்த வேண்டும்.

திருத்தியும் தேறாத கேள்வியைச் சில நேரம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலே பார்த்த சோற்றுக் கேள்வியில் 16 பிள்ளைகள் பதிலை மாற்றினார்கள், ஆனால் இரண்டு முறையும் மொத்தம் 88 பேர்தான் ஆமாம் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சமமாக மாறியதால் பள்ளியின் சதவீதம் அசையவில்லை. அது உண்மையான சதவீதமா என்பது வேறு கேள்வி, அதற்குக் கவனித்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும். ஆனாலும் ஒரு பள்ளியைப் பற்றிப் பேச இப்படிப்பட்ட கேள்வி ஓரளவு பயன்படலாம். எந்தப் பிள்ளை பசியோடு வருகிறாள், யாருக்குக் கூடுதல் உணவு தர வேண்டும் என்று பெயர் குறித்துத் தேர்ந்தெடுக்க அது உதவாது. அதற்கு எடை, உயரம், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை என்று போக வேண்டும். 2016 முதல் 2018 வரை இந்தியாவில் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 19 வயது வரையிலான 1.12 லட்சம் பேரிடம் தகவல் திரட்டியதோடு நிற்காமல், அவர்களில் பலரது ரத்தம், சிறுநீர் மாதிரிகளையும் எடுத்துச் சோதித்தார்கள். ரத்தசோகை இருக்கிறதா என்பதை ஹீமோகுளோபின் அளவுதான் சொல்லும். கீரை பற்றிய ஒரு டிக்கிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.